கை வைக்காத சண்டை

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்தக் குளத்துக்கு பம்ப் வாங்கப் போன இடத்தில், தண்ணீர் விழும் முன்னாலேயே ரத்தம் விழுந்துவிட்டது என்றால் நம்புவீர்கள். அந்த வீட்டு ஆண்களைத் தெரியாவிட்டாலும், அவர்களைப் போல ஒரு ஜோடி உங்கள் தெருவிலும் இருக்கும்.

வீட்டுக்காரருக்கு லாரி ஷெட். வாயைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும், அதனால் தெரு அவருக்கு வைத்த பெயர் ஹாரன். அவர் மனைவியின் தம்பி அதே வீட்டு மாடியில் குடியிருக்கிறான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலை எப்போதும் பிரேக்கின்மேல் தயாராக வைத்துக்கொண்டே பிழைக்கிறவன் என்பதால் அவன் பிரேக். ஹாரனும் பிரேக்கும் சேர்ந்தால் நல்லதுதானே என்று தோன்றும். வண்டிக்கு நல்லது.

இருவருக்கும் நடுவில் கர்ட்டன் அக்கா. ஹாரனுக்கு மனைவி, பிரேக்குக்கு உடன்பிறப்பு, கடைத்தெருவில் திரைச்சீலை தைத்துக்கொடுக்கிற முதலாளி. மெஷினில் குனிந்து குனிந்து அவளுக்கு முதுகுத்தண்டில் தட்டு விலகிவிட்டது. தண்ணீரில் நடந்து பழகுங்கள் என்றார் டாக்டர். அவர் சொன்னது தண்ணீர். ஹாரன் காதில் விழுந்தது நீச்சல் குளம். வீட்டுக்குப் பின்னால் லாரி நிறுத்துகிற இடத்தைத் தோண்டி, நெஞ்சளவு ஆழத்துக்கு ஒரு குளம் கட்டி, நீல ஓடு பதித்துவிட்டார். மனைவிமேல் அவருக்கு உயிர். மற்றவர்கள் உயிர்மேல்தான் அவ்வளவு அக்கறை போதாது.

எங்கள் மொட்டைமாடியிலிருந்து அந்தக் குளம் முழுதாகத் தெரியும். துணி காயப்போடும் கொடியைக் குளம் வெட்டும்போதே அந்தப் பக்கமாக மாற்றிக் கட்டிவிட்டேன். வெயில் அங்கேதான் நன்றாக விழுகிறது.

சரி, பம்புக்கு வருவோம். குளத்து அடியில் ஒரு வடிகால் துவாரம். அது வழியாகத் தண்ணீரை இழுத்து, ஃபில்டரில் கொடுத்து, மறுபடி குளத்துக்கே தள்ளிவிடுவதுதான் பம்பின் வேலை. இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன். பம்ப் கடைக்காரர் எங்கள் அண்ணிக்குத் தம்பி முறை. அவர் சொல்லித்தான் அன்று கடையில் நடந்தது எனக்கு வரிசையாகத் தெரியும்.

ஹாரன் உள்ளே நுழையும்போதே, "இருக்கிறதுலயே பெரிசு எது?" என்று கேட்டாராம்.

"மூணு குதிரைச் சக்தி மோட்டார் இருக்கு சார். ஆனா உங்க குளம் சின்னது."

"குளம் சின்னதா இருந்தா என்ன, மனசு பெரிசு. அதையே எடு."

பிரேக் விடவில்லை. "மாமா, ஒரு குதிரை போதும். மெதுவா, ரொம்ப நேரம் ஓடணும். வேகமா இழுத்தா ஃபில்டர் அழுக்கைப் பிடிக்காது, பைப்பும் தாங்காது."

"நீ எங்கடா படிச்ச இதெல்லாம்?"

"போன்ல பாத்தேன்."

"போன்ல பாத்தவன்லாம் எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான். லாரிக்குச் சைக்கிள் டயர் மாட்டச் சொல்லுவ போல."

இந்த அளவில் நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. கடைக்காரர் தன் தொழில் வழக்கப்படி ஒரு கேள்வி கேட்டார். தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு சிரமப்பட்டுத் தள்ள வேண்டும் என்பதற்குப் பம்ப் கடைகளில் ஹெட் என்று பெயர். "சாருக்கு ஹெட் எவ்வளவு வரும்?" என்று ஹாரனைப் பார்த்துக் கேட்டுவிட்டார், பாவம்.

பிரேக் முந்திக்கொண்டான். "ஹெட் எவ்வளவுன்னு தெரியாதுங்க. ஹெட்வெயிட்தான் இருக்கு. அதைத் தூக்குற மோட்டார் இன்னும் யாரும் செய்யல."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹாரன் சிரிக்கவில்லை. மச்சினன் மூக்கில் ஒரே குத்து. பிரேக் பின்னால் போய், பைப் மூட்டுகள் அடுக்கியிருந்த அலமாரியோடு சேர்ந்து விழுந்தான். எழுந்தபோது மேல் உதடு இரண்டாகப் பிளந்து பல் தெரிந்தது. கையில் அகப்பட்ட இரும்பு வால்வை எடுத்து மாமாவின் புருவத்தில் இறக்கினான். பிறகு இருவரும் கட்டிப்புரண்டு கண்ணாடிக் கதவைத் தலையால் திறந்துகொண்டு வெளியே வந்ததாகக் கேள்வி. கதவு மூடித்தான் இருந்ததாம்.

அந்த ரத்தத்தோடு இருவரும் வீட்டுக்கு வந்தபோது, கர்ட்டன் அக்கா முன்னறையில் வாய் நிறைய குண்டூசியை வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி குத்தும் சின்னத் தலையணையில் குத்தினாள். எல்லாம் எடுத்த பிறகு பேசினாள்.

"எனக்காகக் குளம் வெட்டினீங்க, சரி. எனக்காக அடிச்சுக்கவும் வேணாம், சாகவும் வேணாம். இனிமே இந்த வீட்ல யாரு யார்மேல கை வெச்சாலும், நான் மெஷினைத் தூக்கிட்டுக் கடை மாடிக்குப் போயிடுவேன். திரும்ப மாட்டேன்."

இருவரும் சரி என்று தலையாட்டினார்கள். காரணம் இருக்கிறது. அவள் சொன்னால் சொன்னதுதான். ஒரு முறை ஹாரன் சாப்பாட்டில் உப்பு தூக்கல் என்று குறை சொல்ல, சரி, இனி போடலை என்றாள். அந்த வீட்டில் கோடை முடிந்து மழைக்காலம் வரும் வரைக்கும் எதிலும் உப்பில்லை. ஹாரன் லாரி ஷெட்டில் ஒளிந்து உப்பை நக்கினார் என்று டிரைவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். அப்படிப்பட்டவள் போகிறேன் என்றால் போவாள். அவள் இல்லாத வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாழ வேண்டும். 

ஆனால் பாருங்கள், அவள் சொன்னது கை. சட்டம் என்று ஒன்று போட்டால் அதில் ஓட்டை தேடாத ஆண்பிள்ளை உண்டா?

மூன்று குதிரை பம்ப் வந்து இறங்கிய அன்று பிரேக் பெட்டியைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், பெட்டியை ஒரு எத்து எத்தினான். ஹாரன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்படியே நெஞ்சை நிமிர்த்தி, ஓடிவந்து, வயிற்றால் மச்சினனை இடித்தார். அந்த வயிறு சாமானியமில்லை. பிரேக் சுவரில் போய் ஒட்டினான். அங்கிருந்து ஆடு மாதிரி தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்து மாமாவின் மூக்கிலேயே முட்டினான். மூக்குத்தண்டு முறிந்த சத்தம் எனக்கு மாடியில் கேட்டது. காய்ந்த குச்சியை ஒடித்த மாதிரி.

அக்கா வாசலுக்கு வந்தாள். "கை வெச்சியாடா?"

"இல்லக்கா. தலைதான்."

"நீங்க?"

"வயிறுதான். அவனையே கேளு," என்றார் ஹாரன், மூக்கிலிருந்து வழிந்ததை உறிஞ்சிக்கொண்டே.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். வார்த்தைக்குக் கட்டுப்பட்டவள். தான் சொன்ன வார்த்தையில் கை மட்டும்தான் இருந்தது. உள்ளே போனாள்; மெஷின் சத்தம் மட்டும் முன்னைவிட வேகமாகக் கேட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த அடிதடியைப் போல நான் எங்கும் பார்த்ததில்லை. இருவரும் கையைக் கட்டிக்கொண்டே ஒருவரை ஒருவர் கொல்லப் பார்த்தார்கள். மாடிப்படியில் இறங்கும்போது ஒருவன் காலை நீட்டுவான். மற்றவர் கடைசிப் படி வரைக்கும் உருண்டு போவார். இவர் லாரிக் கதவை இடுப்பால் தள்ளி அவன் முட்டியை நசுக்குவார். அவன் கால் பழகிய கால். குதிகாலால் ஒரு மிதி மிதித்தால் ஹாரனின் கட்டைவிரல் நகம் கருத்து உதிரும். ஸ்பேனர், செங்கல், மிச்சம் வந்த பைப் துண்டு எல்லாம் குளத்துக்கு மேலே பறந்தன. எறிவதும் கைதானே என்று நான் கேட்டேன், கொடிக்கு இந்தப் பக்கம் நின்றபடி. "செங்கல்தான் பட்டுச்சு, கை படல," என்றான் பிரேக். நெற்றியில் தையல் போட்டிருந்தான். சட்டம் தெரிந்த பிள்ளை.

பம்ப் ஓடத் தொடங்கியதும் ஒரு விஷயம் தெரிந்தது. அதற்கு அந்தக் குளமும் பத்தாது, பைப்பும் பத்தாது. முதல் நாளே ஃபில்டர் தொட்டியின் மூடி அழுத்தம் தாங்காமல் பிய்த்துக்கொண்டு பறந்தது. பக்கத்தில் நின்ற பிரேக்கின் காதைச் சீவிக்கொண்டு போய் எங்கள் சுவரில் மோதியது. காது மடல் கீழ்ப்பாதி தொங்கியது. ஹாரன் அதைப் பார்த்து, "பவர் எப்படி?" என்றார். பிரேக் காதைப் பிடித்தபடி அவர் விலாவில் ஒரு உதை விட்டு, "நல்லா இருக்கு மாமா," என்றான்.

யாருக்காக இத்தனையும் நடந்ததோ அவள் குளத்தில் ஒரே ஒரு முறைதான் இறங்கினாள். பக்கவாட்டுத் துவாரத்திலிருந்து வந்த தண்ணீர் முதுகில் அறைந்தது. அடியில் ஏதோ காலைப் பிடித்து இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தவள், "வெள்ளத்துல விட்ட மாதிரி இருக்கு. இதை மாத்துங்க," என்றாள்.

"பழகிடும்," என்றார் ஹாரன்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றான் பிரேக். சொன்னதற்குப் பரிசாக மாமாவின் முழங்காலைத் தொடையில் வாங்கிக்கொண்டான். அவள் துண்டைப் போர்த்துக்கொண்டு உள்ளே போனது இருவர் கண்ணிலும் படவில்லை.

பிரேக் திருட்டுத்தனமாகப் பம்பை மாற்றிவிடுவான் என்று ஹாரனுக்குச் சந்தேகம். பம்ப் அறைக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டினார். சுவிட்சும் உள்ளே. சாவி அவர் கால்சட்டைப் பையில். "கதவுல எவனாவது வாலாட்டினா மண்டை இருக்காது," என்று தெருவுக்கே அறிவித்தார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சண்டை சின்னதாகத்தான் தொடங்கியது. பிரேக் எறிந்த ஸ்பேனர் ஹாரனின் தோள்பட்டையில் பட்டுத் தெறித்துக் குளத்தில் விழுந்தது. விழுந்த இடம் அடியில் இருந்த வடிகால் துவாரம். அதன்மேல் மூடியிருந்த பிளாஸ்டிக் சல்லடை நொறுங்கிப்போனது. துண்டுகள் உள்ளே போனால் பம்ப் கெட்டுவிடும்.

"மோட்டாரை நிறுத்திட்டு இறங்குங்க மாமா," என்றான் பிரேக்.

"நிறுத்தினா நீ சொன்னதைக் கேட்ட மாதிரி ஆயிடும்."

பம்ப் ஓடிக்கொண்டிருக்க, ஹாரன் குதித்தார். மூச்சைப் பிடித்துக் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். கடைசித் துண்டு துவாரத்தின் வாயிலேயே இருந்திருக்க வேண்டும். கையை நீட்டினார். மூன்று குதிரையும் சேர்ந்து அந்தக் கையை முழங்கை வரைக்கும் உள்ளே இழுத்துக்கொண்டன.

முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அவர் முதுகு மட்டும் தண்ணீருக்கு மேலே வந்தது, போனது. கால்கள் இரண்டும் நீல ஓடுகளை அறைந்தன. பிறகு அறைவது குறைந்தது. நெஞ்சளவுத் தண்ணீர்தான், நிமிர்ந்து நின்றால் தலை வெளியே இருக்கும். நிமிரத்தான் விடவில்லை.

பிரேக் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பழக்கம்.

அக்கா ஓடி வந்தாள். எட்டிப் பார்த்தாள். "டேய், கை வைடா அவர்மேல," என்று கத்திய கத்தலில் தெருவில் கதவுகள் திறந்தன.

அவன் குதித்தான். மாமாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. முடியைப் பிடித்து இழுத்தான், முடிதான் வந்தது. தோளைப் பிடித்து, காலைக் குளத்தின் அடியில் ஊன்றி இழுத்தபோது தோள் மூட்டு நழுவியது, கை நழுவவில்லை. அவளும் நெஞ்சளவு நனைந்து இறங்கி, கணவரின் தலையை மேலே தூக்கப் பார்த்தாள். மூக்கு, தண்ணீருக்கு ஒரு சாண் கீழேயே நின்றது. சாவி அவர் பையில், பை நனைந்து ஒட்டிக் கை நுழையாமல் தண்ணீரில், கதவு இரும்பில்.

பிரேக் மேலே ஏறினான். சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்தான். அவன் கதவை உடைக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கதவைப் பார்க்கக்கூட இல்லை. குளத்திலிருந்து வரும் பைப் தரைக்கு மேலே வந்து பம்ப் அறைக்குள் நுழைகிற இடத்தில் இறக்கினான். ஒரு அடி. பைப் அசைந்தது. அடுத்த அடியில் விரிசல். மூன்றாவது அடியில் பைப் சிதறி ஒரு சில்லு அவன் கன்னத்தில் பாய்ந்தது. அதைப் பிடுங்காமலே மறுபடி அடித்தான். பைப் தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கத் தொடங்கியது. வெட்டுப்பட்ட மிருகம் போல ஊளையிட்டது. உள்ளே பம்ப் வறண்டு அலறி, புகைந்து, எதையோ உடைத்துக்கொண்டு நின்றது.

ஹாரன் மேலே மிதந்து வந்தார், நீலமாக.

இருவருமாக அவரைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். மூச்சில்லை. பிரேக் என்ன செய்தான் தெரியுமா? கை வைக்கலாம் என்று அக்காவே அனுமதி கொடுத்தாகிவிட்டது. இருந்தும் பழக்க தோஷம், காலைத் தூக்கி மாமாவின் நெஞ்சில் மிதித்தான். டிரைவிங் ஸ்கூலில் லாரி எதிரே வரும்போது மிதிக்கிற மிதி. விலா எலும்பு ஒன்று முறிந்தது. கூடவே வாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் பீய்ச்சியது. இன்னொரு மிதி. ஹாரன் இருமினார், வாந்தி எடுத்தார், கண்ணைத் திறந்தார்.

அக்கா அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவர் கை முழங்கை வரைக்கும் ஊதாவாக வீங்கி, வளையம் போட்ட மாதிரி தோல் உரிந்திருந்தது. தெருவே சுவரில் ஏறி நின்று பார்த்தது. என் மாடியில் மட்டும் இடம் தாராளம்.

ஹாரன் முதலில் தேடியது மனைவியை அல்ல. "மச்சான்," என்றார், தேய்ந்த குரலில். "என்னா இழுப்புடா அது."

"சொன்னேன்ல மாமா."

"மூணு குதிரைன்னா சும்மாவா."

"அடியில ஒரே ஓட்டை வெச்சதுதான் தப்பு. ரெண்டு ஓட்டை இருந்தா ஒண்ணுல கை மாட்டினாலும் இன்னொண்ணு தண்ணியை இழுத்துக்கும்."

"ரெண்டு வெச்சா அஞ்சு குதிரை தாங்குமா?"

பிரேக் கன்னத்தில் குத்தியிருந்த சில்லைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கணக்குப் போட்டான். "பைப் பெரிசா போட்டா தாங்கும் மாமா."

"போட்டுடலாம்டா." அவர் வலிக்காத கையை நீட்டி மச்சினன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவனும் கட்டிக்கொண்டான். இருவரும் ரத்தமும் தண்ணீருமாகச் சிரித்தார்கள். அத்தனை மாதத்தில் ஒருவரை ஒருவர் ஆசையாகத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா கணவரின் தலையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். எழுந்தாள். குனிந்து அவர் கன்னத்தில் விட்டாள் ஒரு அறை. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வாயோரம் சிவப்பாக வழிந்தது. தம்பி என்ன ஏது என்று எழுவதற்குள் அவனுக்கும் ஒன்று. தைத்துத் தைத்து உரமேறிய கை. அவன் கால் வழுக்கிக் குளத்தில் போய் விழுந்தான்.

பிறகு அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"கை வெச்சுட்டேன்," என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் என் வாசலில் அவள் குரல். "முதுகு முடியல. மெஷினுக்கு ஒரு பக்கம் பிடிக்கிறீங்களா?" பிடிக்காமல் இருப்பேனா? ஆளுக்கொரு பக்கம் தூக்கி, ஒரு சின்ன வண்டியில் ஏற்றி, கடைக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் வாயைக் கிளறிப் பார்த்தேன். ஒன்றும் பெயரவில்லை.

சாயங்காலம் கையில் கட்டு, விலாவில் கட்டு, கழுத்தில் தூக்குத் துணியோடு ஹாரனும், கன்னத்தில் பிளாஸ்திரியோடு பிரேக்கும் கடை வாசலில் வந்து நின்றார்கள். நான் உள்ளே துணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாங்க அடிச்சுக்கவே இல்லையே," என்றார் ஹாரன். "நீதான அடிச்ச?"

"ஆமா. அதனாலதான் வந்துட்டேன்."

"அக்கா, ஒரு குதிரையே போதும்னு மாமா ஒத்துக்கிட்டாரு."

"யாரு ஒத்துக்கிட்டா எனக்கென்னடா? குளம் வெட்டினப்ப என்னைக் கேட்டீங்களா? மோட்டார் வாங்கினப்ப கேட்டீங்களா? நான் உங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் என் கையாலயே கெடுக்க வெச்சுட்டீங்க. அந்தக் கோபம் எனக்கு ஆறல. ஆறுமான்னும் தெரியல. போங்க."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவர்களுக்கு நம்பிக்கை வந்திருக்கும்.

வாசல்படியை விட்டு இருவரும் இறங்கவில்லை. பிறகு ஹாரன் ஆரம்பித்தார். "ஸ்பேனரை எறிஞ்சது யாரு? நீ. அதுலதான் எல்லாம் வந்துச்சு."

"நிறுத்திட்டு இறங்குங்கன்னு சொன்னது யாரு?"

"எதிர்த்தா பேசுற? உன்னாலதான்டா அவ போனா."

"என்னாலயா? யோவ் மாமா..."

சட்டம் போட்டவளே வீட்டில் இல்லை. அப்புறம் என்ன சட்டம்? பிரேக் கையை ஓங்குவதும், கட்டுப்போட்ட கையாலேயே ஹாரன் அவன் சட்டையைப் பிடிப்பதும் தெரிந்தது. நான் கழுத்தை நீட்டுவதற்குள் அக்கா எட்டி ஷட்டரைக் கீழே இழுத்துவிட்டாள். நான் உள்ளே மாட்டிக்கொண்டேன். அதனால் முதலில் அடித்தது யார் என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெளியே இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சத்தம் மட்டும் கேட்டது. பல்லோ பொத்தானோ ஏதோ ஒன்று தரையில் தெறித்து உருண்டது. பிறகு ஷட்டர் அதிர்ந்து, மனிதத் தலை அளவுக்கு ஒரு புடைப்பு உள்பக்கமாக வந்தது. அதே இடத்தில் இன்னொரு தரம்.

கர்ட்டன் அக்கா வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு, விளக்கைப் போட்டு, தைக்க உட்கார்ந்தாள்.